பட்டி பூசிய இறக்கை

கான்சஸில் ஆலங்கட்டி மழை பெய்தால் கோதுமை வைத்திருப்பவன் கடவுளைக் கூப்பிடுவான். க்ளேட்டன் உன்ரூ பெயிண்ட் கடைக்காரனைக் கூப்பிடுவான். அந்த ஊரில் ஒரே டிங்கரிங் பட்டறை அவனுடையதுதான். நசுங்கிய கார்க் கூரையை நிமிர்த்தி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்துக் கொடுத்தானென்றால் எங்கே அடிபட்டது என்று வண்டிக்காரனுக்கே தெரியாது. சும்மா சொல்லக் கூடாது, அதில் மனுஷன் கில்லாடி. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எல்லோரும் பயிர் பிழைக்க வேண்டி ஜெபிக்கும்போது, இவன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு என்ன கேட்கிறான் என்பது ஊருக்கே தெரியும். பாஸ்டருக்கும் தெரியும். அவர் காரையும் இவன்தானே சரி பண்ணிக் கொடுத்தான், அதனால் அவர் வாயைத் திறப்பதில்லை.

இந்த வருஷம் மே மாதக் கடைசியில் கடவுள் கேட்டதைக் கொடுத்தார். குறிதான் கொஞ்சம் தப்பிவிட்டது. வானம் பச்சையாகக் கறுத்துக்கொண்டு வந்தபோது பட்டறையில் இடமில்லை. அதனால் விமானத் திடலில் இருந்த தன் ஹேங்கரிலிருந்து, அதாவது விமானக் கொட்டகையிலிருந்து, சொந்த விமானத்தை வெளியே தள்ளிவிட்டு, பெயிண்ட் அடித்து முடித்திருந்த ஒரு விவசாயியின் பிக்கப்பை உள்ளே நிறுத்தினான். வாடிக்கையாளர்தான் தெய்வம் என்று அடிக்கடி சொல்வான். தெய்வம் உள்ளே சௌக்கியமாக நின்றது. விமானம் வெளியே நின்று கோழிமுட்டை அளவு கட்டிகளை வாங்கிக் கட்டிக்கொண்டது.

நான்கு பேர் உட்காரும் சின்ன விமானம். உடம்பில் விழுந்த குழிகளால் பெரிய ஆபத்தில்லை. அந்தத் திடலில் பாதி விமானங்கள் அம்மைத் தழும்போடுதான் பறக்கின்றன. அடி பலமாக விழுந்தது ஐலரான்களில். இறக்கைகளின் பின்விளிம்பில் கதவு மாதிரி கீலில் ஆடுமே, அந்தத் துண்டுகள். அவற்றை ஏற்றி இறக்கித்தான் விமானத்தை இடமும் வலமும் சாய்ப்பார்கள். தகடு மெல்லிசு. குழி குழியாகக் கிடந்த அந்தத் தகட்டைப் பார்க்கப் பார்க்க க்ளேட்டனுக்குச் சோறு இறங்கவில்லை.

முறைப்படி என்றால் மார்லிஸிடம் போயிருக்க வேண்டும். திடலில் உரிமம் உள்ள மெக்கானிக் அவள் ஒருத்திதான். போன வருஷம் வரை இவன் பெண்டாட்டியும் அவள் ஒருத்திதான். ஏன் பிரிந்தீர்கள் என்று கேட்டால் இரண்டு பேரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: தப்பென்று ஒன்றை ஒத்துக்கொள்ளவே தெரியாத ஜென்மத்தோடு எப்படிக் குடும்பம் நடத்துவது? அந்த ஒரு விஷயத்தில் அவர்களுக்குள் அப்படியொரு ஒற்றுமை.

விமானம் வைத்திருப்பவனே தன் விமானத்துக்குப் பெயிண்ட் அடித்துக்கொள்ளலாம் என்று சட்டம் இருக்கிறது. க்ளேட்டன் அதுவரைக்கும் படித்தான். அதே வரியில், இந்த ஆடும் துண்டுகளை மட்டும் தொடாதே என்றும் இருக்கிறது. அதைப் படிப்பதற்குள் கை அரித்துவிட்டது. கார்களுக்குப் பூசுகிற அதே பட்டியை ஐலரான் குழிகளில் அப்பி, தேய்த்து, வெள்ளைப் பெயிண்ட் அடித்தான். முகம் பார்க்கலாம், அவ்வளவு மழமழப்பு.

அவசரத்துக்கும் காரணம் இருந்தது. மகள் ஹெய்டிக்கு சனிக்கிழமை விமானி உரிமத்துக்கான டெஸ்ட். பாஸானால் அலாஸ்காவில் தபால் விமானம் ஓட்டும் வேலை காத்திருக்கிறது. மார்லிஸிடமும் ஒரு விமானம் உண்டு. அதை எடுத்துக்கோ என்று அவள் சொல்லியும், நான் அப்பா விமானத்தில்தான் கற்றுக்கொண்டேன், அதில்தான் டெஸ்ட் கொடுப்பேன் என்று ஹெய்டி சொல்லிவிட்டாள். விவாகரத்துக்குப் பிறகு க்ளேட்டன் ஜெயித்தது அது ஒன்றைத்தான். அதை விட்டுவிடுவானா?

வியாழக்கிழமை காலையில் வெள்ளோட்டம் பார்க்கத் தனியாக ஏறினான். மேலே போகிறவரை சொக்கத் தங்கம். திரும்பி இறங்கும்போது வேகம் கொஞ்சம் கூடியது. ஸ்டியரிங் கையில் உறும ஆரம்பித்தது. முதலில் மெல்ல, அப்புறம் கை எலும்பு வரைக்கும். இடது பக்கம் பார்த்தான். ஐலரானின் விளிம்பு எங்கே என்றே தெரியவில்லை, மங்கலாக ஒரு கோடுதான் தெரிந்தது. பட்டி ஏறிப் பின்பக்கம் கனம் கூடிய ஐலரான் வேகத்தில் அப்படித்தான் துடிக்கும். துடிக்க ஆரம்பித்தால் பிய்த்துக்கொண்டு போகவும் நேரமாகாது. க்ளேட்டன் எஞ்சினைக் குறைத்து மூக்கைத் தூக்கினான். துடிப்பு நின்றது. ஜெபத்தில் இதுவரை கேட்டதையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்வதாகக் கடவுளிடம் சத்தம் போட்டே சொன்னான்.

இறங்கி விமானத்தை ஹேங்கரில் தள்ளிவிட்டு, டயரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். உட்கார்ந்தபடியே கணக்குப் போட்டது அந்தப் பாழாய்ப்போன புத்தி. மெதுவாக ஓட்டினால் ஒன்றும் ஆகாது. ஹெய்டியிடம் மெதுவாகப் போ என்று சொல்லிவிட்டால் போதும். டெஸ்ட் முடிந்ததும் சத்தமில்லாமல் சுரண்டிவிடலாம். மார்லிஸுக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. இப்படி ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே வந்தவனுக்கு, பக்கத்து ஸீட்டில் இருக்கும் பரிசோதகர் வேகமாக இறக்கிக் காட்டு என்றால் ஹெய்டி என்ன செய்வாள் என்று தோன்றியது. சொன்னதைச் செய்வாள். அவள் நல்ல மாணவி. எழுந்து எதிர் ஹேங்கருக்கு நடந்தான்.

மார்லிஸ் ஏதோ எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தாள். இவன் பருவநிலையில் ஆரம்பித்து, கோதுமை விலைக்கு வந்து, அவளுடைய நாயையும் விசாரித்து முடித்தான். அவள் தலையை எடுக்கவே இல்லை.

"பட்டி போட்டுட்டேன். ஐலரான்ல," என்றான் கடைசியில்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு, சுவரோரம் நீளமாகச் சாத்தியிருந்த ஒரு பெட்டியைக் காட்டினாள். திறந்து பார்த்தால் புதுத் தகடுகள், ஐலரானுக்கென்றே மடித்து வந்தவை.

"ஆலங்கட்டி விழுந்த குழி தானா மறையுமா? உன் பெயிண்ட் பளபளன்னு மின்னின அன்னைக்கே ஆர்டர் போட்டுட்டேன்."

"தெரிஞ்சுக்கிட்டே சும்மா இருந்தியா?"

"நீயா வந்து சொல்றியான்னு பாத்தேன். ஹெய்டி விமானக் கதவுல கை வெக்கிற வரைக்கும் பாக்கலாம்னு இருந்தேன். அப்புறம் நானே சொல்லியிருப்பேன், எல்லார் முன்னாடியும்."

"இன்னைக்குக் காலையில நான் எடுத்துட்டுப் போனேன் மார்லிஸ். மேல ஆட ஆரம்பிச்சிடுச்சு."

அவள் முகத்தில் ரத்தமே இல்லை. காலையில் எஞ்சின் சத்தம் கேட்டபோது வேறு யாரோ என்று நினைத்திருக்கிறாள். நாளெல்லாம் பட்டறையில் கிடப்பவன் வாரநாளில் பறப்பான் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்து தரையைப் பார்த்தாள்.

"நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும். என் மேலயும் தப்பு," என்றாள்.

இருபத்தைந்து வருஷத்தில் அந்த வாக்கியத்தை அவள் வாயால் கேட்டதில்லை க்ளேட்டன். வேறு சமயமாக இருந்தால் கேக் வெட்டியிருப்பான். அன்றைக்குச் சந்தோஷப்படத் தோன்றவில்லை.

வியாழன் மதியமும் வெள்ளி முழுதும் வேலை. கழற்றிய ஐலரானை, எடை இரண்டு பக்கமும் சமமா என்று, மார்லிஸ் இரண்டு கத்திமுனைகளின் மேல் வைத்துப் பார்த்தாள். பின்பக்கம் தொப்பென்று விழுந்தது. பழைய தகட்டை உரித்துவிட்டுப் புதியதை ரிவெட் ஆணிகளால் அடித்துப் பொருத்தினார்கள். ரிவெட் அடிக்க இரண்டு ஆள் வேண்டும். மார்லிஸ் வெளியிலிருந்து ரிவெட் துப்பாக்கியால் அடித்தாள், க்ளேட்டன் உள்ளே கையை விட்டு இரும்புக் கட்டியைத் தாங்கிப் பிடித்தான். அந்தச் சத்தத்தில் பேச முடியாது. பிடிப்பவன்தான் தட்டிக் காட்டுவான்: ஒரு தட்டு என்றால் இன்னும் அடி, இரண்டு என்றால் போதும், மூன்று என்றால் கெட்டுப்போயிற்று, பிடுங்கு. கட்டி கையில் வழுக்கியபோதெல்லாம் அவனேதான் மூன்று தட்ட வேண்டியிருந்தது. அவளும் ஏன் என்று கேட்காமல் பிடுங்கினாள். இந்த ஏற்பாட்டைக் கல்யாணத்தன்றே சொல்லிக் கொடுத்திருந்தால் வக்கீலுக்குக் கொடுத்த காசாவது மிஞ்சியிருக்கும்.

முடித்ததும் கத்திமுனையில் வைத்தார்கள். ஐலரான் ஆடாமல் நேராக நின்றது. மேலே பச்சை ப்ரைமர் என்கிற அடிப்பூச்சு மட்டும்தான். பக்கத்தில் வெள்ளை வெளேரென்ற இறக்கை. பார்க்கச் சகிக்கவில்லை.

"மெல்லிசா ஒரே ஒரு கோட்டிங் அடிக்கட்டுமா?" என்றான் க்ளேட்டன்.

மார்லிஸ் பார்த்த பார்வையில் பெயிண்ட் டப்பாவை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டான். நடந்ததைச் சொல்லி டெஸ்டுக்கு முன்னால் பெண்ணைக் கலவரப்படுத்த வேண்டாம், முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று பேசி வைத்துக்கொண்டார்கள். அதில் சண்டை வரவில்லை.

சனிக்கிழமை திடலில் பான்கேக் விருந்து, அக்கம்பக்கத்து ஊர் விமானங்களெல்லாம் வந்து இறங்கியிருந்தன. தட்டும் கையுமாக ஒவ்வொருவரும் மற்றவன் விமானத்தைச் சுற்றிவந்து குற்றம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்கள். பச்சை ஐலரானைப் பார்த்து, பெயிண்ட்காரன் வீட்டிலேயே பெயிண்ட் பஞ்சமா என்று கேட்காதவன் பாக்கியில்லை. ஹெய்டியும் கேட்டாள். ஆலங்கட்டி அடித்தது, தகடு மாற்றினோம் என்றாள் மார்லிஸ். ஹெய்டி ஐலரானை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்துவிட்டு, பரிசோதகரோடு ஏறிப் போனாள்.

அவள் திரும்பி வருகிறவரை க்ளேட்டன் வாங்கிய பான்கேக்கைத் தொடவில்லை. மார்லிஸ் அவன் பக்கத்தில் நின்றாள், அவளும் எதுவும் சாப்பிடவில்லை. ஒருவழியாக விமானம் வந்து இறங்கியது. பரிசோதகர் சிரித்துக்கொண்டே இறங்கினார். ஹெய்டி ஓடிவந்தாள்.

"பாஸ்! அப்பா, அவரு திடீர்னு எஞ்சின்ல தீப்பிடிச்ச மாதிரி இறக்கிக் காட்டுன்னாரு. மூக்கைக் குத்தி விட்டேன் பாரு, வேக முள்ளு சிவப்புக் கோட்டைத் தொட்டுட்டு வந்துச்சு. ஒரு சின்ன நடுக்கம்கூட இல்லப்பா."

க்ளேட்டன் புல்லில் அப்படியே உட்கார்ந்தான். தட்டு கவிழ்ந்தது.

"அப்பா, என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. உங்கப்பா காலையிலேர்ந்து எதுவும் சாப்பிடல, பசி மயக்கம். போய் வேற தட்டு வாங்கிட்டு வா," என்றாள் மார்லிஸ்.

பேசி வைத்துக்கொள்ளாமலே அவன் தப்பை அவள் மூடி மறைத்தது அதுதான் முதல் தடவை. க்ளேட்டன் அவளை நிமிர்ந்து பார்த்தான். போகத் திரும்பிய மகளின் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"பசி இல்லம்மா. இப்படி உக்காரு. நான் செஞ்ச காரியம் ஒண்ணு இருக்கு, சொல்றேன்."