முன்பக்க இடது ஸ்பிரிங்

அந்த வீட்டு மாப்பிள்ளைக்குப் பயில்வான் என்று பெயர். வைத்தவர் மாமியார். பல்லியைக் கண்டால் நாற்காலிமேல் ஏறுகிற மனுஷனை வேறு எப்படிக் கூப்பிடுவது என்று கேட்பார். மாப்பிள்ளை மருந்துக்கடை வைத்திருக்கிறார், ஆனால் யாருக்காவது ஊசி போட்டால் அவருக்குத் தலை சுற்றும். லிப்டில் ஏறமாட்டார். பலூன் ஊதுகிற இடத்தில் நிற்கமாட்டார்.

அவர் மனைவி நேரெதிர். நிலம் அளக்கும் சர்வேயர். குவாரி, காட்டுப் பாதை, காய்ந்த ஆறு என்று எங்கே வேலை இருந்தாலும் தன் பழைய ஜீப்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். அந்த ஜீப்பின் ஸ்பிரிங்குகள் தளர்ந்துபோய், கொஞ்ச நாளாக வண்டி நிறைமாதக்காரிபோல் வயிறு தாழ்ந்து நின்றது. கல்லில் ஏறினால் அடிப்பாகம் உரசியது. ஒர்க்‌ஷாப்பில் அடுத்த மாதம் கொண்டுவரச் சொன்னார்கள். அவளுக்கோ திங்கட்கிழமை குவாரிக்குப் போயாக வேண்டும்.

"நாமளே மாத்திடலாம்" என்றாள்.

அந்த 'நாமளே'வுக்குள் தானும் இருப்பது பயில்வானுக்கு உறைக்கச் சற்று நேரம் பிடித்தது.

புது ஸ்பிரிங்குகள் பழையவற்றைவிட நான்கு விரல் உயரம். சனிக்கிழமை பின்பக்கம் இரண்டையும் மாற்றினார்கள். ஒரு தகராறும் இல்லை. ஸ்பேனர் எடுத்துக் கொடுத்ததற்கே பயில்வான் கிரீஸ் படிந்த கையை மாமியாரிடம் கொண்டுபோய்க் காட்டினார்.

ஞாயிறு காலை முன்பக்கம். கார் ஷெட்டுக்குள், இடது சக்கரத்தைக் கழற்றி ஓரமாக வைத்தார்கள். வண்டியின் சட்டம் இரும்பு ஸ்டாண்டுகள்மேல் நின்றது. கீழே அச்சு, மேலே சட்டத்தில் ஒரு இரும்புக் கிண்ணம். நடுவில் பழைய ஸ்பிரிங் இருந்த இடம் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. புதியது அதற்குள் போக மறுத்தது. கால் அச்சின்மேல் உட்கார்ந்தால் தலை கிண்ணத்துக்கு வெளியே துருத்தியது.

அதற்கென்று அடுத்த தெரு வெல்டரிடம் ஒரு கருவி இரவல் வாங்கி வைத்திருந்தாள். நீளமான திருகுக் கம்பிகள் இரண்டு. ஒவ்வொன்றின் இரு முனையிலும் கொக்கி. ஸ்பிரிங்கின் இருபுறமும் எதிரெதிராக மாட்டி நட்டை முறுக்கினால் கொக்கிகள் நெருங்கி வரும், ஸ்பிரிங் அமுங்கிக் குட்டையாகும்.

"ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் நீங்க. ரெண்டும் சமமா போகணும். அவசரப்படாதீங்க."

"இது தெறிச்சா என்ன ஆகும்?"

"தெறிக்காது."

"ஒருவேளை தெறிச்சா?"

"அதான் தெறிக்காதுன்னு சொல்றேனே. முறுக்குங்க."

முறுக்கினார். ஒவ்வொரு சுற்றுக்கும் இரும்பு முனகியது. ஸ்பிரிங் குட்டையாகிக் குட்டையாகி ஒருவழியாகக் கிண்ணத்துக்குள் தலையை நுழைத்தது. ஆனால் தலையில் வைத்திருந்த ரப்பர் வளையம் கோணிக்கொண்டது. அவள் ஜீப்புக்கு அடியில் நகர்ந்து, இடது கையை ஸ்பிரிங்குக்குப் பின்னால் விட்டு அதை நேராக்கப் பார்த்தாள்.

அப்போதுதான் கொக்கிகள் நகர்ந்தன.

எதிரெதிரே இருந்த இரண்டு கம்பிகளும் வழுக்கிக்கொண்டு வெளிப்பக்கமாக வந்து, அவர் முகத்துக்கு நேரே பக்கத்தில் பக்கத்தில் நின்றுவிட்டன. அந்தப் பக்கம் அமுங்கியே இருந்தது. பிடி விட்ட உட்பக்கம் விரிந்தது. ஸ்பிரிங் வாழைப்பழம்போல் வளைந்து, வயிற்றை உள்ளே தள்ளி, அவள் மணிக்கட்டைச் சட்டத்தோடு சேர்த்து நெரித்தது.

அவள் அலறவில்லை. மூச்சை மட்டும் உள்ளே இழுத்தாள். அலறியிருந்தால்கூட அவருக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

"கை மாட்டிக்கிச்சு" என்றாள். "எதையும் தொடாதீங்க. கொக்கியைப் பாருங்க. பிடிச்சிருக்கா?"

மூன்று கொக்கிகள் ஒழுங்காக இருந்தன. மேலே இருந்த நாலாவது, ஸ்பிரிங் வளையத்தின் விளிம்பில் தொற்றிக்கொண்டிருந்தது.

"ஒண்ணு மட்டும்... நகத்தளவுதான் பிடிச்சிருக்கு."

"சரி. அப்ப தும்மிடாதீங்க."

அவள் சிரிக்க முயன்றது அவருக்குத் தெரிந்தது. அந்தக் கொக்கி விட்டால், ஒரு ஜீப்பையே தாங்குகிற பலம் எந்தப் பக்கம் பாயும் என்று யாருக்கும் தெரியாது. உள்ளே பாய்ந்தால் அவள் கை. வெளியே பாய்ந்தால் அவர் முகம். அவர் கை தானாக ஜாக்கியைத் தேடிப் போனது.

"வேண்டாம்! அச்சை ஏத்தினா இன்னும் வளையும். இறக்கினா கொக்கி மட்டும்தான் தாங்கும்."

"வெல்டரைக் கூட்டிட்டு வந்துடறேன். ஓடிப்போய்—"

"போகாதீங்க."

கல்யாணமான இத்தனை வருடத்தில் அவள் அப்படிக் கேட்டதே இல்லை.

வீட்டுக்குள்ளிருந்து செருப்புச் சத்தம். ஷெட்டுக்கு வரும் இரும்புக் கதவை மாமியார் எப்போதும் ஓங்கித் தள்ளித்தான் திறப்பார். தள்ளினால் சுவரே அதிரும்.

"மாப்பிள்ளை, இந்த டப்பா மூடி திறக்க வரமாட்டேங்குது, கொஞ்சம்—"

"அத்தை! அங்கேயே நில்லுங்க! கதவைத் தொட்டீங்கன்னா..."

அது தன் குரல்தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. செருப்புச் சத்தம் நின்றது.

"என்னப்பா ஆச்சு?"

"அவ கை மாட்டியிருக்கு. ஆம்புலன்சுக்குப் போன் பண்ணுங்க. வெல்டருக்கும் பண்ணுங்க. கதவை மட்டும் திறக்காதீங்க."

மாமியார் செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டு உள்ளே ஓடுவது கேட்டது. கொஞ்ச நேரத்தில் கதவுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது. "ஆம்புலன்ஸ் கிளம்பிடுச்சாம். வெல்டர் தம்பி வெளியூர்ல இருக்காராம்."

பயில்வான் குனிந்து இடுக்கு வழியாக டார்ச் அடித்தார். அவள் விரல்கள் தெரிந்தன. நகங்கள் நீலம் பாய்ந்திருந்தன. கைக்கு ரத்தம் போகவில்லை, ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்க முடியாது என்று மருந்துக்கடைக்காரருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"விரலை அசை பாப்போம்."

"அசைக்கிறேன்."

விரல்கள் அசையவில்லை. அதை அவர் அவளிடம் சொல்லவில்லை.

"கேளுங்க" என்றாள். நெற்றியில் வியர்வை வழிந்தது. "ரெண்டு நட்டையும் மாத்தி மாத்தித் தளர்த்துங்க. கொஞ்சம் கொஞ்சமா. விரிஞ்சா மேல கிண்ணத்துலயும் கீழ அச்சுலயும் உட்கார்ந்துக்கும். வளைவும் நிமிரும்."

"அதுக்குள்ள கொக்கி விட்டா?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

வண்டியின் பின்னால், சேற்றில் சிக்கினால் இழுக்க வைத்திருந்த அகலமான பட்டை கிடந்தது. அதை எடுத்துவந்து ஸ்பிரிங்கின் வளையங்களுக்குள் நுழைத்தார். நுழைக்கும்போது அவர் கையும் அந்த இரும்புக்குள் போய்வர வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் கை திரும்பி வந்ததும் விரல்களைப் பார்த்துக்கொண்டார். அச்சைச் சுற்றி, சட்டத்தைச் சுற்றி, மறுபடி ஸ்பிரிங்குக்குள் விட்டு, பட்டை தீர்கிறவரை கட்டினார். பிறகு கழற்றி வைத்த சக்கரத்தை உருட்டிவந்து தனக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே நிமிர்த்தினார். அதன் பின்னால் மண்டியிட்டு, இரண்டு கைகளையும் டயரைச் சுற்றி நீட்டினார். முகம் ரப்பரில் அழுந்தியது. நட்டு கண்ணுக்குத் தெரியவில்லை; தடவித்தான் ஸ்பேனரை மாட்ட முடிந்தது.

"எந்தப் பக்கம் முதல்ல?"

"வலது. கால் சுத்து."

திருகு கிறீச்சிட்டது. அவருக்குச் சிறுநீர் முட்டியது.

"இப்ப இடது."

கிறீச்.

"வலது."

ஸ்பேனர் நழுவி நட்டில் தட்டியது. ஒன்றும் ஆகவில்லை. அவர் உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடி நீட்டினார். வலது, இடது, வலது. நிமிர்கிறதா இல்லையா என்று டயருக்குப் பின்னாலிருந்து தெரியவில்லை. அவள் குரல்தான் அவருக்குக் கண். அந்தக் குரலோ குறைந்துகொண்டே வந்தது.

"இடது" என்று அவர்தான் சொல்ல வேண்டியிருந்தது. பதில் இல்லை.

"ஏய்! மயங்கிடாதே. ஏதாவது பேசு."

"...என்ன பேச."

"திட்டு. தினமும் திட்டுறதுதானே, இன்னிக்கு மட்டும் என்ன கஞ்சத்தனம்?"

"பல்லிக்குப் பயப்படுற ஆளு..."

"ஆமா. அப்புறம்?"

"தண்டச்சோறு..."

"சரி. அப்புறம்?"

அப்புறம் இல்லை. அவர் ஸ்பேனரைத் திருப்பினார். அவசரத்தில் கால் சுற்றுக்கு மேலேயே போய்விட்டது.

வெடி வெடித்ததுபோல் ஒரு சத்தம். டயர் அவர் நெஞ்சில் அடித்துச் சுவரோரம் தள்ளியது. ஸ்பேனர் கூரைத் தகட்டில் மோதி எங்கேயோ விழுந்தது. தூசி கொட்டியது. பிறகு அமைதி.

பயில்வான் விழுந்த இடத்திலேயே கிடந்தார். வலி இருந்ததா என்பதே தெரியவில்லை. கண்ணைத் திறந்தால் பார்த்தாக வேண்டுமே என்று இறுக மூடியிருந்தார். அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட வாய் வரவில்லை. கூப்பிட்டுப் பதில் வராவிட்டால்?

கதவு திறந்தது. மாமியாரின் வெறுங்கால்கள் தரையில் ஓடிவந்தன.

"கை இருக்காடி?"

ஜீப்புக்கு அடியில் ஏதோ உரசியது.

"இருக்கும்மா."

அவர் கண்ணைத் திறந்தார். ஸ்பிரிங் பட்டைக்குள் சிக்கி, கோணலாக, தூண்டிலில் மாட்டிய மீன்போல் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு கொக்கி உடைந்து கிடந்தது. அவள் ஜீப்புக்கு அடியிலிருந்து கையை மார்போடு அணைத்துக்கொண்டு நகர்ந்து வெளியே வந்தாள். மணிக்கட்டு வீங்கி, ஸ்பிரிங் வளையத்தின் தடம் அப்படியே பதிந்திருந்தது. அவர் அவள் நகங்களைப் பார்த்தார். நீலம் மெல்ல மெல்லச் சிவந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அழுதார்.

ஆம்புலன்ஸ் கொண்டுபோன ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். மணிக்கட்டில் விரிசல். மாவுக்கட்டுப் போட்டார்கள். சுண்டு விரலுக்கும் அதற்கு அடுத்ததற்கும் உணர்ச்சி திரும்ப மாதக்கணக்கில் ஆகலாம் என்றார் டாக்டர். பயில்வானுக்கு விலா எலும்பில் அடி, நல்லவேளை, முறிவில்லை. அங்கே இருந்தவரை அவர் நன்றாகத்தான் இருந்தார். மருந்துச் சீட்டில் ஒரு மாத்திரையின் அளவைக்கூடச் சந்தேகம் கேட்டார். வீடு திரும்பி, வாசலில் இறங்கி, ஷெட்டின் திறந்த கதவைப் பார்த்ததும் படியில் உட்கார்ந்துவிட்டார். பல் கிட்டித்துப் போயிற்று. மாமியார் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். அந்த வாரம் முழுக்க அவரைப் பயில்வான் என்று கூப்பிடவில்லை. அது வேறு அவருக்குக் கலக்கமாக இருந்தது.

திரும்பிவந்த வெல்டர், மிச்சமிருந்த திருகுக் கம்பியையும் கீறல் விழுந்த ஸ்பிரிங்கையும் எடுத்துப்போய்விட்டார். வேறு ஸ்பிரிங் வந்தது. ஷெட்டின் மூலையில், அட்டைப் பெட்டியைப் பிரிக்காமலே கிடந்தது.

ஒருநாள் சாயங்காலம் அவள் மாவுக்கட்டோடு ஸ்டூலைப் போட்டு ஜீப்புக்கு எதிரே உட்கார்ந்தாள். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அவரைக் கூப்பிட்டாள்.

"அந்தக் குறுக்குக் கம்பி தெரியுதா? அச்சையும் சட்டத்தையும் சேர்த்துப் பிடிச்சிருக்கே. அதை நான் கழட்டவே இல்லை. கழட்டியிருந்தா அச்சு தன்னால கீழ இறங்கியிருக்கும். ஸ்பிரிங்கை முறுக்கவே வேண்டியிருந்திருக்காது."

ஸ்பிரிங் இருந்த இடத்தை மாவுக்கட்டால் காட்டினாள். "உங்க மூஞ்சி அங்க இருந்துச்சுங்க. அதுக்கு நேரா இருந்துச்சு."

அவர் ஸ்பேனர் பெட்டியைத் திறந்தார்.

"எந்த நட்டு?" என்றார்.

அவள் சொல்லச் சொல்ல அவர் கழற்றினார். அன்றும் டயரைக் குறுக்கே வைத்துக்கொண்டுதான் வேலை செய்தார். குறுக்குக் கம்பி விடுபட்டதும், பிரேக் குழாய் இழுபடாமல் பார்த்துக்கொண்டு ஜாக்கியை மெல்ல மெல்ல இறக்கினார். அச்சு இறங்கியது. புது ஸ்பிரிங்கை இரண்டு கையாலும் தூக்கி வைத்தார். எந்த எதிர்ப்பும் இல்லாமல் உட்கார்ந்துகொண்டது. அது அவருக்கு நம்பிக்கை தரவில்லை. சுற்றிச் சுற்றி வந்து, தட்டிப் பார்த்து, மறுபடி தட்டிப் பார்த்தார். வலப்பக்கத்தையும் அதே மாதிரி முடித்தார்கள்.

மாவுக்கட்டுப் பிரித்த பிறகு ஒரு காலையில் அவள் ஜீப்பை வெளியே எடுத்தாள். வண்டி நெஞ்சை நிமிர்த்தி நின்றது.

"ஏறுங்க" என்றாள்.

"நீ ஓட்டு. நான் பக்கத்துல நடந்து வர்றேன்."

"எதுக்கு?"

"சத்தம் கேட்டுப் பாக்கணும்."

முதல் கியரில் ஜீப் ஊர்ந்தது. அவர் முன்சக்கரத்துக்குச் சற்றுத் தள்ளியே, காதைச் சாய்த்துக்கொண்டு நடந்தார். எதிரே வந்த பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். வாசலில் நின்ற மாமியார் அவரிடம், "ஒண்ணுமில்லை, எங்க பயில்வான் வண்டிக்குத் துணைக்குப் போறார்" என்றார்.

தெருமுனை வேகத்தடையில் ஜீப் ஏறி இறங்கியது. அவர் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றார். ஸ்பிரிங் ஒருமுறை அமுங்கி, நிமிர்ந்து, அடங்கியது. அவள் கதவைத் திறந்து பிடித்தபடி காத்திருந்தாள். அவர் இன்னொரு முறை குனிந்து சக்கரத்துக்குப் பின்னால் பார்த்துவிட்டு, ஏறி உட்கார்ந்து, மேலே இருந்த கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.