புளியரைக்கு இந்தப் பக்கம் நோன்பு

1.
இந்தக் கதை தென்காசி பஸ் ஸ்டாண்டில் என் காதில் விழுந்தது. “மலைக்கு அங்கன பெருநாளு, இங்கன நோன்பு. நல்ல கூத்துதான்” என்றாள் ஒருத்தி. கேரளத்தில் பிறை தெரிந்துவிட்டது, தமிழ்நாட்டில் தெரியவில்லை. மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2.
‘மேற்குத் தொடர்ச்சி மலையானது ஆதியில்...’ வேண்டாம், பாடப்புத்தக வாடை.

கேரளத்துப் புனலூர்ப் பெண் ஹஸீபா மலைக்கு இந்தப் பக்கம் செங்கோட்டையில் வாழ்க்கைப்பட்டவள். கல்யாணமான பிறகு முதல் பெருநாள். விடிந்ததும் புனலூரிலிருந்து வாப்பா போன் செய்தார்: “நீ வந்தாத்தான் கை நனைப்பேன்.” சர்க்கரை நோய்க்காரர். பெருநாளன்று பட்டினி கிடப்பது பாவம் என்று ஊருக்கே சொல்கிறவர். வீம்பு என்று வந்துவிட்டால் அதெல்லாம் மறந்துபோகும்.

[செங்கோட்டை முன்பு திருவிதாங்கூரில் இருந்தது. 1956இல் மொழியையும் மலையையும் பார்த்துக் கோடு கிழித்து இங்கே சேர்த்தார்கள். கோடு கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தால் ஹஸீபா காலையிலேயே வயிறாரச் சாப்பிட்டிருப்பாள். குற்றாலத்துச் சாரல் மட்டும் யாரையும் கேட்காமல் கணவாய் வழியே வந்துபோகிறது.]

3.
மாமியார் ஜாஹிரா பீவியை முதலில் கொடுமைக்காரியாக எழுதினேன். பொருந்தவில்லை, அடித்துவிட்டேன். அவள் நோன்போடு ஆணம் காய்ச்சி, இடியாப்பத்தோடு டிபன் பாக்ஸில் கட்டிக் கொடுத்தாள்.

“நோன்பு வாயி, உப்பு பாக்கல. செக்போஸ்ட் தாண்டித் தெற, ஏட்டி. அங்கன போயிட்டா ஒனக்கும் பெருநாளு.”

4.
புளியரை வளைவில் ஒரு லாரி குறுக்கே நின்றுவிட்டது. பின்னால் ஹஸீபாவின் பஸ். செக்போஸ்ட் இன்னும் வரவில்லை. மதியமும் தாண்டிவிட்டது. போனில் உம்மா அழுதாள்: “வாப்பாக்கு கை நடுங்குது. சொன்னா கேக்க மாட்டேங்காரு.”

“அவுக கிட்ட குடுங்க” என்றாள் ஹஸீபா. “வாப்பா, நான் செக்போஸ்ட் தாண்டி ஆரியங்காவு வந்துட்டேன். பசி தாங்கல, சாப்ட்டுட்டேன். நீங்களும் சாப்டுங்க.”

“மெய்யாவா?”

“மெய்யா.”

அந்தப் பக்கம் தட்டு நகரும் சத்தம் கேட்டது. ஹஸீபா ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்து அழுதாள். டிபன் பாக்ஸ் மடியில் மூடியபடியே இருந்தது.

5.
முடிவு அ: லாரி நகர்கிறது, எல்லாரும் சிரிக்க... சினிமா.

முடிவு ஆ: செக்போஸ்ட்டைத் தூக்கி பஸ்ஸுக்குப் பின்னால், கிழக்கே வைத்துவிடலாம். பஸ் நிற்கும் இடம் கேரளமாகிவிடும், டிபன் பாக்ஸைத் திறந்தால் அவள் சொன்னதும் மெய்யாகிவிடும். அன்று கோடு கிழித்தவர்களிடமும் பேனாதானே இருந்தது? எழுதிப் பார்த்தேன். ஆனால் சொல்லும்போது அது பொய் என்று அவளுக்குத் தெரியும். அதை எந்தப் பேனாவாலும் நகர்த்த முடியவில்லை.

நோன்போடு பொய் சொல்லிவிட்டாள். அந்த நோன்பு நின்றதா, போனதா? எனக்குத் தீர்ப்புச் சொல்ல வாய் வரவில்லை, நீங்கள் சொல்லுங்கள். அவசரமில்லை, நிதானமாக யோசியுங்கள். வாப்பா சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.