தனக்கோடி வீட்டுத் தண்ணீர்

2004 டிசம்பர் 26ஆம் தேதி காலை கடலூர் தாழங்குடாவுக்குள் வந்த கடல், கால் மணி நேரத்தில் எல்லா வீட்டையும் விட்டுத் திரும்பிப் போனது. தனக்கோடியின் வீட்டை மட்டும் விட்டுப் போகவில்லை. முழங்கால் உயரத்துக்கு அங்கேயே தங்கிவிட்டது. கதவைத் திறந்து போட்டாலும் வாசற்படி தாண்டி ஒரு சொட்டு வெளியே வராது. அதிகாரிகள் டீசல் பம்பு வைத்து மூன்று நாள் இறைத்தார்கள். தெரு சேறாகி அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வந்ததுதான் மிச்சம், உள்ளே ஒரு விரற்கடை குறையவில்லை. கணக்கெடுக்க வந்தவர் படிவத்தில் 'நீர் வடியவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

தனக்கோடி படகு எஞ்சின் மெக்கானிக். ஊரிலேயே சாமி இல்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்த ஒரே ஆள். வாய் என்றால் வாய், அப்பேர்ப்பட்ட வாய். மாசி மகத்துக்குச் சாமிகளைக் கடலாடத் தூக்கி வரும்போது நடுக்கூட்டத்தில் நின்று, கடலைப் படைத்தவருக்குக் குளிக்க எதற்கய்யா நாலு ஆள் துணை என்று கேட்பான். எல்லோருக்கும் கோபம் வரும், பதில்தான் வராது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் ஒரு படகில் எஞ்சின் பார்க்க நடுக்கடலில் இருந்தான். அங்கே ஒன்றுமே தெரியவில்லை. பதினோரு வயது மகள் வெண்மதி, சித்தி ரத்தினம்மாளோடு ஆருத்ரா தரிசனத்துக்கு வேனில் சிதம்பரம் போயிருந்தாள். மனைவி தைலம்மாள் மட்டும் ஊரில் இருந்தாள். மூன்றாம் நாள்தான் பிணமாகக் கிடைத்தாள். தவறாமல் ஆருத்ராவுக்கு வருகிற அக்கா இந்த வருஷம் ஏன் மாமா வரல என்று ரத்தினம்மாள் மாரில் அடித்துக்கொண்டு கேட்டபோது, வேனில் இடமில்லை என்று நின்றுவிட்டாள் என்றான். யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. கால் வைக்க இடமில்லாமல்தான் அந்த வேன் போனது, அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மகளும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதன்பிறகு ஊர் ஜனம் முழுக்க சாமி உண்டா இல்லையா என்ற பேச்சுதான், அதைப் பேசுவதற்குத் தனக்கோடி வீட்டை விட்டால் வேறு இடமும் இல்லை. மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து ஒரு பாஸ்டர் வந்து, மனுஷனுக்குக் கொடுத்த சுதந்திரத்தையும் கடவுள் கூடவே அழுவதையும் விளக்கினார். கேட்டவர்கள் தலையாட்டினார்கள், தண்ணீர் ஒரு விரற்கடை ஏறியது. சிதம்பரத்தில் தத்துவம் சொல்லிக்கொடுக்கும் வைத்திலிங்கம் சார் பேன்ட்டைத் தொடைவரை சுருட்டிக்கொண்டு இறங்கி, தடுக்க முடிந்தும் தடுக்காதவர் நல்லவரில்லை, தடுக்க முடியாதவர் கடவுளில்லை என்று ஐந்தே நிமிஷத்தில் முடித்தார். அதற்கும் ஒரு விரற்கடை. போன ஜென்மத்துப் பாவம் என்றார் ஒருவர். மூன்று மாதப் பிள்ளை போன ஜென்மத்தில் யார் குடியைக் கெடுத்தது என்று ஒரு பெண் கேட்டாள், அவர் வாயடைத்துப் போனார், அதற்கும் ஏறியது. உண்டு என்றாலும் இல்லை என்றாலும் அந்த வீட்டுக்குள் யார் ஜெயித்தாலும் தண்ணீர் ஏறும் என்பது 2006 வாக்கில் எல்லோருக்கும் தெரிந்துபோனது. வைத்திலிங்கம் சார் மாதம் ஒருமுறை வந்து சுவரில் கரிக்கோடு போட்டுக் குறித்துக்கொண்டார்.

தனக்கோடி மட்டும் பேசவில்லை. உத்திரத்தில் வலைக்கயிறு கட்டித் தொங்கவிட்ட கட்டிலில் உட்கார்ந்து எல்லோருடைய வாயையும் பார்த்துக்கொண்டிருப்பான். சாமி இல்லைன்னு பேசின பேச்சுக்குக் கூலி என்று காதுபடவே சொன்னார்கள். கூலியாகவே இருந்தால் தேவலை என்று அவனுக்குத் தோன்றும். தண்டிக்க மேலே ஒருத்தர் இருந்தால் பாரத்தில் பாதியை அவர் தலையில் இறக்கிவிடலாம். யாருமே இல்லையென்றால் செய்ததையெல்லாம் தானேதான் சுமக்க வேண்டும். ஊரே சுனாமி குடியிருப்புக்குக் குடிபோனபோது அவன் போகவில்லை. வெண்மதி அங்கே சித்தியிடம் வளர்ந்தாள். அவன் போய்ப் பார்த்துவிட்டு வருவான். அவள் இந்த வீட்டுப் பக்கம் வரவேயில்லை.

2011 கடைசியில் 'தானே' புயல் அடித்தது. முந்திரித் தோப்பெல்லாம் சாய்ந்தது, தனக்கோடி வீட்டு ஓடுகள் எங்கே போயின என்றே தெரியவில்லை. இடுப்பளவு ஏறியிருந்த தண்ணீரில் மட்டும் சின்ன அலைகூட எழவில்லை. அடுத்த வாரம் வெண்மதி வந்தாள். சிதம்பரத்தில் காலேஜில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். வாசற்படியிலேயே நின்று, உள்ளே வா என்று அவன் கூப்பிட்டும் வராமல், அழுதாள்.

"அன்னைக்கு ஜன்னலோரம் வேணும்னு நான்தாம்ப்பா அடம் புடிச்சேன். சித்தி மடியில ஒக்காந்திருந்தா அம்மாவுக்கு எடம் கெடைச்சிருக்கும். இன்னைக்கு வரைக்கும் நான் பஸ்ல ஒக்காந்து போனதில்ல."

தினமும் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நின்றுகொண்டே போய்வந்திருக்கிறாள், காலி சீட்டு இருந்தாலும். தன் வாயில் வந்த ஒரு பொய் ஏழு வருஷமாக யார் தலையில் உட்கார்ந்திருக்கிறது என்று தனக்கோடிக்கு அப்போதுதான் தெரிந்தது. கட்டிலிலிருந்து தண்ணீரில் இறங்கி வாசல்வரை வந்தான்.

"எடத்துக்காக நிக்கலடா கண்ணு. பொடவைகூட எடுத்து வச்சிட்டா. முந்தின நாள் சாயங்காலம் நான்தான் கேட்டேன், சாமி எல்லா எடத்துலயும் இருக்குதுன்னா நம்ம கரையில இல்லியா, அதுக்கு ஏன் சிதம்பரம் போவணும்னு. எப்பவும் எதாவது பதில் சொல்லுவா. அன்னைக்குச் சொல்லல. சரி, இங்கயே கும்புட்டுக்கறேன்னா. நான் ஜெயிச்சிட்டேன்னு சிரிச்சேன். காலையில தலைக்குக் குளிச்சிட்டு, கற்பூரம் எடுத்துக்கிட்டுக் கரைக்குப் போயிருக்கா. பாத்தவங்க சொன்னாங்க."

இதைச் சொல்ல ஏழு வருஷமா என்று மட்டும் வெண்மதி கேட்டாள். சாமியைப் பற்றி இருவருமே ஒரு வார்த்தை எடுக்கவில்லை. அவள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் படி இறங்கினாள். துப்பட்டா நனைந்து மிதந்தது. அப்பாவின் கையை அவள் பிடிக்கவில்லை. பக்கத்தில் வந்து நின்றாள்.

அதன்பிறகு விவாதத்துக்கு வந்தவர்களைத் தனக்கோடி வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டான், வைத்திலிங்கம் சாரையும் சேர்த்துத்தான். தண்ணீர் வடியவில்லை, ஏறவுமில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் வெண்மதி வருகிறாள். இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி, அன்னைக்கு அம்மா என்ன சொல்லிச்சி, மொதல்லேருந்து சொல்லு என்கிறாள். அவனும் முதலிலிருந்து சொல்கிறான்.