மாலக்கி கேட்ட கூரை

கில்மோரன் என்ற கடலோர ஊரில் முந்நூறு வருஷமாக இடிந்து கிடந்த பழைய தேவாலயத்தின் மேற்குச் சுவர் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் எழுந்து நின்றது. அன்று சந்தையில் செம்மறிக் குட்டிகள் நல்ல விலைக்குப் போய்க்கொண்டிருந்ததால் ஊரில் பாதிப்பேர் மறுநாள்தான் பார்க்க வந்தார்கள். முதலில் பார்த்தவள் டிம்ப்னா. பேருந்தில் வரும் சுற்றுலாக்காரர்களுக்கு வேலிக்கதவைத் திறந்துவிடும் சாவி அவள் வீட்டில்தான் இருந்தது. காரணமும் அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. அந்தத் தேவாலயத்தை ஊரில் பிறந்த எவரும் வலமாகத்தான் சுற்றுவார்கள். கால் ஒடிந்தவன்கூடக் குறுக்கு வழி என்று இடமாகச் சுற்றமாட்டான். ஆனால் அன்று விவசாயி மாலக்கி தன் மாட்டுச் சாணத்தை வலமாகச் சுற்றும் பாதையில் கொட்டி வைத்திருந்தான். ஊர்க்காரர்கள் என்றால் மூக்கைப் பிடித்துக்கொண்டு அதன்மேலேயே ஏறிப் போயிருப்பார்கள். பேருந்தில் வந்தவர்களோ நல்ல காலணி போட்டிருந்தார்கள், இடமாகச் சுற்றிவிட்டார்கள். அவர்கள் சுற்றச் சுற்ற, அந்த இடத்தில் காலமும் பின்னோக்கிச் சுற்றியது.

டிம்ப்னா கணவனை இழந்தவள். மாலக்கி கல்யாணமே செய்துகொள்ளாதவன். இருவரும் பழகி இருபது வருஷமாகியும் கல்யாணப் பேச்சு வெறும் பேச்சாகவே இருந்தது. ஒருநாள் மதுக்கடையில் எல்லோர் முன்னாலும் அவனை யாரோ மடக்கியபோது, "எங்க பரம்பரையே அந்தப் பழைய சர்ச்லதான் கட்டிக்கிச்சு. அதுக்குக் கூரை வரட்டும், நானும் கட்டிக்கிறேன்" என்றான். கடையே சிரித்தது. டிம்ப்னாவும் சிரித்தாள், வீட்டுக்கு வந்து அழுதாள்.

அதனால் மேற்குச் சுவர் எழுந்ததும் அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. மாலக்கி அடித்துப் பிடித்துச் சாணத்தை அள்ளினான், பயனில்லை. வந்த ஒவ்வொரு கூட்டத்தையும் இடமாகச் சுற்றினால்தான் கடல் அழகாகத் தெரியும் என்று சொல்லி அவள் அனுப்பிவைத்தாள். அந்தக் கோடையில் ஜன்னல் வளைவுகள் ஒவ்வொன்றாக வந்து பொருந்தின. கல்லறைகளில் தேய்ந்து போயிருந்த பெயர்கள் தெளிந்து, தாத்தாக்களின் வயதைப் பற்றி நடந்துகொண்டிருந்த சில குடும்பச் சண்டைகள் தீர்ந்தன. தலைநகரிலிருந்து ஓர் அதிகாரி வந்து, அனுமதியில்லாமல் யார் கட்டுகிறார்கள் என்று அதட்டினார். யாரும் கட்டவில்லை என்றார்கள். அவர் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்துவிட்டு, அப்படியானால் தவறில்லை என்று போய்விட்டார்.

மாலக்கிதான் சும்மா இருக்கவில்லை. விடிந்தும் விடியாமலும் போய் வலமாகச் சுற்றுவான். முந்தின நாள் ஏறிய கற்கள் பொத்பொத்தென்று விழும். உத்தரங்கள் வருவதும் உளுத்துக் கொட்டுவதுமாக ஆகஸ்டும் போயிற்று. இதைக் கண்டுபிடித்த டிம்ப்னா ஒரு காலையில் எதிர்ப்பக்கமாகச் சுற்றி வந்தாள். கிழக்கு ஜன்னலடியில் இருவரும் முட்டிக்கொள்ளாத குறை.

"ஒண்ணே ஒண்ணு சொல்லிடு. என்னைப் பிடிக்கலையா?" என்று கேட்டாள்.

மாலக்கி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "பிடிக்காமலா இருபது வருஷமா ஞாயித்துக்கிழமை தவறாம உன் வீட்டுக்கு வந்து முட்டைக்கோசு தின்னேன்? எனக்கு அது வயித்துக்கே ஆகாது."

"அப்புறம் என்னதான்?"

"பயம்தான். அம்மா போனதுக்கப்புறம் அந்த வீட்ல நான் ஒத்தை ஆளு. கூடவே இருந்து பாத்தா, இவன் இவ்வளவுதானான்னு உனக்குத் தெரிஞ்சிடும்."

"அது எனக்கு எப்பவோ தெரியும், மாலக்கி."

கூரைக்காக இனி யாரையும் சுற்றவிட மாட்டேன், எனக்குக் கால் வலிக்கிறது, நீ வலமாகவே போய்க்கொள் என்று சொல்லிவிட்டு அவள் வீட்டைப் பார்த்துப் போனாள். அவள் இப்படி விட்டுக்கொடுப்பாள் என்று அவன் நினைத்திருக்கவில்லை. அவமானமாக இருந்தது; அதைவிட அதிகமாக ஆறுதலாகவும் இருந்தது. ஈரப் புல்லில் வெகுநேரம் நின்றான். பிறகு, பிறந்த நாளிலிருந்து செய்யாததைச் செய்தான்: ஒரு கையால் சுவரைத் தடவிக்கொண்டு இடமாக நடக்கத் தொடங்கினான். மதியத்துக்குள் ஓக் உத்தரங்கள் ஏறின, மாலைக்குள் ஓடுகள். அதற்கு மேல் ஒரு சுற்று போனால் கூரை போடாத காலம் வந்துவிடும் என்று பயந்து, நின்ற இடத்திலேயே தொப்பென்று உட்கார்ந்துவிட்டான்.

இடிபாடு பார்க்க வந்த அடுத்த பேருந்துக்காரர்களுக்கு ஏமாற்றம்தான். டிம்ப்னா அவர்களையும் கல்யாணத்துக்கு அழைத்தாள். வந்தார்கள், நன்றாகச் சாப்பிட்டார்கள். ஐந்து ஊர்களுக்குப் பொதுவான பாதிரியார் தாமதமாக வந்து, அண்ணாந்து பார்த்து, ஒழுகுமா என்று மட்டும் கேட்டார். ஒழுகியது. ஓர் ஓட்டில், மணப்பெண் நின்ற இடத்துக்கு நேர் மேலே. மாலக்கி அவளை மெல்ல நகர்த்திவிட்டு, அந்தச் சொட்டின் கீழ் தான் போய் நின்றுகொண்டு, உறுதிமொழியைச் சொல்லி முடித்தான்.