ஆசிரியரின் சொந்தக் கட்டுரை

எங்கள் அறுவை மருத்துவ இதழின் ஆசிரியர் தாக் ஹியோங்ஜின் அடுத்தவர் கட்டுரை என்றால் குதறி எடுத்துவிடுவார். எங்கள் தேஜான் நகரத்து மருத்துவர்களுக்கு அவர் பெயரைக் கேட்டாலே உதறல். அப்பேர்ப்பட்ட மனிதர் தாம் எழுதியதை எங்கள் இதழுக்கே கொடுத்தார். இரைப்பையை எடுத்தபின் குடலை இணைக்க அவர் கண்ட புது முறை பற்றியது அது.

ஆசிரியரே எழுதினால் துணை ஆசிரியர்தான் முடிவெடுக்க வேண்டும். எழுதியவர் பெயரை மறைத்துத்தான் மற்ற மருத்துவர்களின் பரிசீலனைக்கு அனுப்ப வேண்டும். விதியெல்லாம் ஜோராகத்தான் இருந்தது. துணை ஆசிரியர் பியோ இன்ச்சோல், தாக்கிடம் கத்தி பிடிக்கக் கற்றவர். பரிசீலித்த இருவரும் தாக்கின் மாணவர்களே. பெயரை மறைத்து என்ன புண்ணியம்? தையலைப் பார்த்தாலே யாருடையது என்று தெரிந்துவிடாதா!

இதழ் அலுவலகத்தை நடத்துகிறவள் நான். சும்மா இருக்க முடியவில்லை.

"வெளியாள் ஒருத்தருக்கு அனுப்புங்க டாக்டர். ஜப்பான்ல ஆளா இல்ல?" என்றேன் பியோவிடம்.

"வேற வினையே வேணாம் அக்கா. சார் கட்டுரைல நொட்டை சொல்லிட்டு நான் இந்த ஊர்ல குப்பை கொட்ட முடியுமா?"

ஒரு கேள்விகூட இல்லாமல் அச்சேறியது. பல ஊர்களில் அதை நம்பி அறுவை செய்தார்கள். அடுத்த ஆண்டு நோயாளிகள் திரும்பி வரத் தொடங்கினார்கள். இணைத்த இடம் சுருங்கி, கஞ்சிகூட இறங்கவில்லை. அறுவைக்குப் பிந்தைய முதல் மாதத்தை மட்டும் பார்த்துவிட்டு நல்ல முறை என்று எழுதியிருந்தார் தாக். வேறு யாராவது இப்படி எழுதியிருந்தால் முகத்தில் விட்டெறிந்திருப்பார்.

கட்டுரையைத் திரும்பப் பெறும் அறிவிப்பைத் தாமே எழுதிக் கொடுத்த அன்று, பியோவையும் என்னையும் பன்றிக்கறிக் கடைக்கு அழைத்துப் போனார். மேசை அடுப்பில் கறி கருகியது. யாரும் புரட்டவில்லை.

"முதல் மாசத்தோட நிறுத்திட்டேனே, படிச்சப்ப உனக்குத் தோணலையா?" என்று பியோவைக் கேட்டார்.

"தோணுச்சு சார்."

"அப்புறம் ஏன்டா கேக்கல?"

"உங்ககிட்டயா சார்?"

"நீ கேப்பேன்னுதானேடா உன்கிட்ட குடுத்தேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தா அந்த நோயாளிங்கல்லாம் இன்னிக்கு சோறு சாப்பிட்டுட்டு இருப்பாங்களே."

"கேட்டிருந்தா பொறுத்திருப்பீங்களா?" என்றேன் நான்.

தாக் அடுப்பைத் தணித்தார். "தெரியலம்மா," என்றார்.

பிறகு பியோவுக்கு சோஜு மது ஊற்றினார். பெரியவர் முன்னால் மரியாதைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு குடிப்பதுதான் எங்கள் ஊர் வழக்கம். பியோவும் திரும்பினார்.

"திரும்பாதடா. என்னைப் பார்த்துக் குடி."

பியோ நிமிர்ந்து அவரைப் பார்த்தார். குவளையை உதடுவரை கொண்டுபோனார். கடைசி நொடியில் தலை தானாகவே சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டது.