ஜன்னலோரத்து இடத்துக்குக் காய்ச்சல்

நோய்க்காகப் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்த வருடத்தில், ஒன்றாம் வகுப்பின் இரண்டாவது பெஞ்சுக்குக் காய்ச்சல் வந்தது. பெஞ்சு முழுக்க அல்ல, நடுவில் ஒரு பிள்ளை உட்காரும் அகலத்துக்கு மட்டும். தூசி தட்டப் போன வாட்ச்மேன் கையை வைத்தவர் "அம்மாடி" என்று உதறிக்கொண்டார். வெயில் விழுகிறதா என்று பார்த்தார், விழவில்லை. எவனாவது அடியில் கொள்ளி வைத்துவிட்டானா என்று குனிந்து பார்த்தார், ஒரு பென்சில் துண்டுதான் கிடந்தது. பெரிய டீச்சருக்குப் போன் போட்டார். பெரிய டீச்சர் என்றால் தலைமையாசிரியை. ஆள் என்னவோ ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் உயரம்தான், ஆனால் அந்தத் தெருவில் அவரைவிடப் பெரியவர் யாரும் இருந்ததாக யாருக்கும் தோன்றியதில்லை. அவர் வந்து தொட்டுப் பார்த்தார். அந்த இடத்தைச் சைக்கிள் கடைக்காரர் மகனுக்குக் கொடுத்தது நினைவுக்கு வந்து, அவர்கள் வீட்டுக்கு விசாரித்தார். பையன் குதித்துக்கொண்டிருக்கிறான், ஒரு குறையுமில்லை என்றார்கள். மறுநாள் பையனுக்குக் காய்ச்சல் கண்டது.

இதற்குக் காரணம் பெரிய டீச்சரின் பிடிவாதம் என்றுதான் இன்றைக்கும் தெருவில் சொல்கிறார்கள். அந்த வருடம் பிள்ளைகளைச் சேர்ப்பதெல்லாம் ஆன்லைனில். பெற்றவர்கள் போனில் பேரையும் பிறந்த தேதியையும் தட்டினால், அந்தப் பக்கம் கம்ப்யூட்டர் 'சேர்ந்தாயிற்று' என்று பச்சையாக ஒரு குறி காட்டும். பெரிய டீச்சருக்கு அந்தப் பச்சைக்குறி தொண்டையில் இறங்கவில்லை. "அட்மிஷன்னா புள்ளைக்கு ஒரு இடம். இடத்தையே காட்டாம அது என்னங்க அட்மிஷன்?" என்று கேட்டார். ஆளில்லாத பள்ளிக்கூடத்துக்குத் தினமும் வந்து, ஒவ்வொரு வீட்டுக்கும் வீடியோ கால் போட்டு, போனை வகுப்புக்குள் கொண்டுபோய் பெஞ்சைக் காட்டுவார். "இதுதான் தங்கம் உன் இடம். நீ வர்ற வரைக்கும் இதுல யாரையும் உட்கார விடமாட்டேன். சரியா?" என்பார். பிள்ளை தன் வாயால் "சரி டீச்சர்" என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் அவர் கணக்கில் அந்தப் பிள்ளை சேர்ந்த மாதிரி. மேலிடத்தில் யாரும் இப்படிச் செய்யச் சொல்லவில்லை. இந்தம்மாவுக்கு வேறு வேலையில்லை என்று சிரித்தவர்களும் உண்டு.

ஆனால் 'சரி' சொன்ன வாய்க்குரிய உடம்புச் சூடு அந்தந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. பிள்ளை நலமாக இருந்தால் பெஞ்சு இளஞ்சூடாக இருக்கும், யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி. நோய் வருவதென்றால் பிள்ளைக்கு ஒருநாள் முன்னால் பெஞ்சுக்கு வந்துவிடும். மழைக்காலத்து ஈரத்தில் மரம் இப்படித்தான் செய்யும் என்று ஒரு டாக்டர் விளக்கினார், அப்போது கோடைக்காலம். தெருவுக்குப் பொறுப்பான நர்சம்மா மட்டும் விளக்கம் எதையும் கேட்கவில்லை. ஊர்ப்பட்ட வீடுகளுக்கும் சேர்த்து அவரிடம் நெற்றியில் காட்டிச் சூடு பார்க்கிற துப்பாக்கி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. "ஏன் காட்டுதுன்னு கேக்க எனக்கு நேரமில்லைங்க. காட்டுதா, காட்டுது. போதும்" என்று சொல்லிவிட்டு, காலையில் முதல் வேலையாகப் பள்ளிக்கூடம் போய் பெஞ்சுகளைச் சுட்டுவிட்டு, எது கொதிக்கிறதோ அந்த வீட்டுக்கு மட்டும் ஓடினார். பிள்ளைக்கு இருமல் வருவதற்கு முன்பே வாசலில் மாத்திரையோடு நிற்பார். அந்தத் தெருவில் ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. பக்கத்துத் தெருக்காரர்கள் தங்கள் பிள்ளைகளையும் இங்கே சேர்க்க வரிசைகட்ட, பெரிய டீச்சர் கூடுதல் பெஞ்சு வாங்கிப் போட்டதெல்லாம் தனிக்கதை.

தையலக்காவின் கதைக்கு வருவோம். ஒற்றை அறை, ஜன்னலோரம் ஒரு மெஷின், நடுவில் துணி வெட்டும் மேசை, சுற்றிலும் முகக்கவசத் துணி மூட்டைகள். இதற்குள் அவளும் அவள் மகளும். மகளுக்கு நல்ல பேர் ஒன்று இருந்தது, ஆனால் பெற்றவளே அதை மறக்கும் அளவுக்கு எல்லாரும் வாலு என்றே கூப்பிட்டார்கள். வாலுவின் அப்பா லாரி ஓட்டுபவர். சரக்கோடு போனவர், வழியெல்லாம் அடைத்துவிட்டதால் எங்கேயோ தூரத்தில் லாரிக்கு அடியிலேயே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு கிடந்தார். தையலக்காவிடம் இருந்தது பழைய பட்டன் போன். அதனால் மகளைச் சேர்ப்பதற்கு மாடிவீட்டம்மாவிடம் போனை இரவல் கேட்டாள். மாடிவீட்டம்மாவுக்கு நாக்குதான் எரியுமே தவிர மனசு வெல்லம். "சீக்கிரம் முடிச்சுக் குடு, எங்க வீட்டுக்காரருக்கு ஆபீஸ் மீட்டிங் இருக்கு. போன் இல்லன்னா அவரு என் தலைய உருட்டுவாரு" என்று கூடவே வந்து வாசலில் நின்றார். தட்ட வேண்டியதை எல்லாம் அவரே தட்டிக்கொடுத்தார். பச்சைக்குறி வந்தது. கொஞ்ச நேரத்தில் பெரிய டீச்சரின் வீடியோ காலும் வந்தது.

அந்தச் சமயம் பார்த்து வாலுவைக் காணோம். பள்ளிக்கூடம் என்ற சொல் காதில் விழுந்ததுமே அது துணிமூட்டைக்குள் பூந்துவிட்டது. எவ்வளவு கெஞ்சியும் மூட்டை அசைந்ததே ஒழிய பதில் வரவில்லை. மாடிவீட்டம்மாவின் போனில் முன்பக்கக் கேமரா எப்போதோ உடைந்து போயிருந்ததால் பெரிய டீச்சருக்கு இங்கே வெறும் இருட்டுதான் தெரிந்தது. தையலக்காவுக்கோ எல்லாம் தெரிந்தது. முதல் பெஞ்சு, ஜன்னலோரம், மரத்தின் நிழல் வந்து பெஞ்சில் ஆடுகிற இடம். "இதுதான் தங்கம் உன் இடம்" என்றது குரல். தையலக்கா மூன்றாம் வகுப்போடு நின்றவள். கடைசித் தம்பியைத் தூக்கி வைத்துக்கொள்ள ஆளில்லை என்று நிறுத்தினார்கள். அவளுக்கென்று ஒரு இடத்தை யாரும் காட்டியதில்லை. அவள் கையிலிருந்த போனையும் வாசலில் நீண்டிருந்த மாடிவீட்டம்மாவின் கையையும் பார்த்தாள். குரலை ஊசிமுனை போல மெலிதாக்கிக்கொண்டு "சரி டீச்சர்" என்றாள். பெரிய டீச்சர் பூரித்துப்போனார். "எவ்ளோ அழகா சொல்றா பாருங்க!" என்றார். அதற்குப் பிறகு உண்மையைச் சொல்ல தையலக்காவுக்கு வெட்கமாக இருந்தது. இது என்ன கொலைக்குற்றமா என்று விட்டுவிட்டாள். மாடிவீட்டம்மா விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு போனில் பாடம் நடக்க ஆரம்பித்ததும், தன் மகன் தூக்கிப்போட்ட பழைய போன் ஒன்றைத் துடைத்து வாலுவுக்கே கொடுத்தும்விட்டார்.

ஜன்னலோரத்து இடத்தின் சூடு மற்ற இடங்களைவிடக் கொஞ்சம் அகலமாகப் பரவியிருப்பதை வாட்ச்மேன்தான் முதலில் கவனித்தார். "இந்தப் புள்ள கொஞ்சம் பூசின உடம்பு போல" என்றார். நோஞ்சான் வாலுவை அவர் பார்த்ததில்லை.

மழை பிடிக்கும் சமயத்தில் தையலக்காவுக்கு உடம்பு வலித்தது. ஒருநாள் காலையில் மெஷினுக்கு எண்ணெய் விடும்போது அந்த வாசம் வரவில்லை. டப்பாவையே மூக்கில் வைத்துப் பார்த்தாள், வரவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் அவளுக்குத் தன் உயிரைப் பற்றிய பயம் வரவில்லை, வேறு பயம் வந்தது. சொன்னால் ஆஸ்பத்திரி வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். புருஷன் எங்கேயோ ரோட்டில். வாலுவை யாரிடம் விடுவது? நோய் இருக்கிற வீட்டுப் பிள்ளையைத் தொட எவர் வருவார்? எனவே வெட்டும் மேசையை அறையின் குறுக்கே இழுத்துப் போட்டாள். மேசைக்கு அந்தப்பக்கம் தன் பாய், இந்தப்பக்கம் மகளின் பாய். மேசைதான் கோடு, கோட்டைத் தாண்டினால் அவுட் என்று விளையாட்டுச் சொன்னாள். வாலு அதை உயிரைக் கொடுத்து விளையாடியது. தையலக்கா இரட்டைக் கவசம் கட்டிக்கொண்டு கஞ்சியை மேசைமேல் வைத்துவிட்டு நகர்ந்து போவாள். யாராவது வாசலிலிருந்து கேட்டால் "ஒண்ணுமில்ல, தூசி அலர்ஜி" என்பாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான், ஆனால் அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

மனுஷர்களிடம் மறைத்தது பெஞ்சிடம் பலிக்கவில்லை. உடம்பு வலியோடு நின்றிருந்தது காய்ச்சலாக மாறுவதற்கு முந்தினநாள் ஜன்னலோரத்து இடம் கொதித்தது. துப்பாக்கி நூற்று மூன்று காட்டியது. சூட்டில் வார்னிஷ் வாடை அடித்தது. நர்சம்மா பையை எடுத்துக்கொண்டு ஓடிவந்து வாலுவின் நெற்றியில் சுட்டார். ஒன்றுமில்லை. மறுபடியும் சுட்டார். வாலு பிஸ்கட் தின்றுகொண்டே நாக்கை நீட்டிக் காட்டியது. துப்பாக்கியில் கோளாறோ என்று தன் நெற்றியிலேயே வைத்துப் பார்த்தார், அதுவும் சரியாக இருந்தது. பெரிய டீச்சருக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தார். "இங்க கை வைக்க முடியலம்மா, அனலா கொதிக்குது" என்றார் பெரிய டீச்சர்.

மேசைக்கு அந்தப்பக்கம் சுவரில் சாய்ந்திருந்த தையலக்கா, "அதான் புள்ள நல்லா இருக்கே நர்சம்மா, நீங்க மத்த வீட்டப் பாருங்க" என்றாள். ஒரே மூச்சில் அவ்வளவையும் சொல்ல முடியாமல் நடுவில் நிறுத்திச் சொன்னாள்.

பெரிய டீச்சருக்கு ஏதோ உறுத்தியது. "தங்கம், அன்னைக்கு எங்கிட்ட சரி டீச்சர்னு சொன்னியே, அதே மாதிரி இப்ப ஒரு தடவ சொல்லு" என்றார்.

"நான் எங்க சொன்னேன்? அம்மாதான் சொன்னாங்க. நான் மூட்டைக்குள்ள இருந்தேன்" என்றது வாலு.

நர்சம்மா துப்பாக்கியை மேசைக்கு மேலாக நீட்டி தையலக்காவின் நெற்றிக்குக் காட்டினார். பிறகு விரலில் ஆக்சிஜன் பார்க்கிற கிளிப்பை மாட்டினார். அதில் வந்த எண்ணை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை, வண்டிக்குப் போன் போட்டார். தையலக்கா உடைந்து அழுதாள். "என்னைக் கொண்டு போயிட்டா இவள யாரு பாப்பாங்க? நான் செத்தாலும் பரவாயில்ல, இங்கயே கெடக்கறேன்" என்றாள். மாடிப்படியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. "ஏன், நான் என்ன செத்தா போயிட்டேன்? இத்தனை நாளா வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல, மகராசி! போயி ஒழுங்கா மூச்சு விட்டுட்டு வா!" என்று திட்டிக்கொண்டே மாடிவீட்டம்மா இறங்கி வந்தார். திட்டும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பிள்ளையைச் சில நாள் தனியறையில்தான் வைக்க வேண்டும் என்றார் நர்சம்மா. வீட்டுக்காரர் மீட்டிங் நடத்துகிற அறை வாலுவுக்கு ஒதுக்கப்பட்டது. அவர் அந்த மாதம் முழுவதும் மாடிப்படியில் உட்கார்ந்து மேலதிகாரிகளோடு பேசினார். படியில் சிக்னல் நன்றாக இருக்கிறது என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் தையலக்காவுக்கு ஆக்சிஜன் வைத்தார்கள். இன்னும் ஒருநாள் விட்டிருந்தால் வைத்தும் பயனில்லை என்றார்கள். பெரிய டீச்சர் தினமும் வகுப்புக்கு வந்து, ஈரத்துணியைப் பிழிந்து ஜன்னலோரத்து இடத்தின்மேல் போட்டு, காய்ந்தால் மாற்றிப் போட்டார். இதனால் நோயாளிக்கு ஒரு நன்மையும் கிடையாது என்று நர்சம்மா சொன்னார், சொல்லிக்கொண்டே துணியைப் பிழிந்து கொடுத்தார். பிறகு ஒரு மத்தியானம் அந்த இடம் ஆற ஆரம்பித்தது. காய்ச்சல் விட்டு ஆறுகிற மாதிரி இல்லை அது, ஓரங்களிலிருந்து நடுவை நோக்கிச் சில்லிட்டுக்கொண்டே வந்தது. கடைசியில் உள்ளங்கை அளவுதான் மிச்சம் இருந்தது. வாட்ச்மேன் தொப்பியைக் கழற்றிவிட்டார். பெரிய டீச்சர் அவரைப் பார்த்து "தொப்பியப் போடுங்க முதல்ல" என்று அதட்டினார். தன் சால்வையை எடுத்து அந்த இடத்தின்மேல் போர்த்தினார். அந்த உள்ளங்கை அளவின்மேல் தன் உள்ளங்கையை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். "நீ வர்ற வரைக்கும் இதுல யாரையும் உட்கார விடமாட்டேன்னு சொல்லியிருக்கேன். நீயும் சரின்னு சொல்லியிருக்க. வந்து சேரு" என்றார். பிள்ளைகளை அதட்டுகிற அதே குரல்தான். விளக்கு வைக்கும் நேரத்தில் அவர் கைக்கு அடியில் சூடு ஒரு விரல் அளவு பரவியது. பிறகு இன்னொரு விரல். அந்த நேரத்தில்தான் தையலக்கா கண்ணைத் திறந்து, யாரோ தலைமேல் கை வைத்திருக்கிறார்கள் என்று பக்கத்துக் கட்டிலில் இருந்தவளிடம் சொன்னாளாம். அங்கே யாரும் இல்லை.

அவள் வீடு திரும்பியபோது தெருவே வாசலில் நின்று கைதட்டியது. லாரிக்காரரும் அடுத்த வாரம் தாடியோடு வந்து சேர்ந்தார், வாலு அவரை அடையாளம் தெரியாமல் கோட்டைத் தாண்டாதே என்று மிரட்டியது. தையலக்கா நேராகப் பெரிய டீச்சரிடம் போய், "எம் புள்ள சொல்ல வேண்டிய சரிய நான் திருடிட்டேன் டீச்சர்" என்று கைகூப்பினாள். "கொடுத்த இடம் கொடுத்ததுதான். ஒரு பொய் சொல்லி ஒரு உயிர காப்பாத்தினவள நான் இப்பதான் பாக்கறேன்" என்றார் அவர். இருவரும் சிரித்து, சிரிப்பு அழுகையாகி, பிறகு டீ குடித்தார்கள். மாடிவீட்டு மொத்தக் குடும்பத்துக்கும் தையலக்கா துணி தைத்துக் கொடுத்தாள். மாடிவீட்டம்மா கூலி என்று வாயெடுத்தபோது கத்தரிக்கோலைக் காட்டினாள்.

பள்ளிக்கூடம் திறந்த நாளில் பிள்ளைகள் தங்கள் இடத்தில் வந்து உட்கார்ந்ததும், அந்தந்த பெஞ்சின் சூடு அவரவர் உடம்புக்குத் திரும்பிவிட்டது. பெஞ்சுகள் வெறும் பெஞ்சுகளாயின. ஜன்னலோரம் மட்டும் மாறவில்லை. அதன் சொந்தக்காரி வந்து உட்காரவில்லை, மகள்தான் உட்கார்ந்தாள். பள்ளிக்கூடமே வேண்டாம் என்று மூட்டைக்குள் பூந்த வாலு, அங்கே உட்கார்ந்ததும் அழாமல் இருந்தது. வாலு இரண்டாம் வகுப்புக்குப் போய், பிறகு பெரிய பள்ளிக்கூடத்துக்கும் போய்விட்டது. பெரிய டீச்சர் ஓய்வு பெற்றார், வகுப்புக்குப் புது வர்ணம் அடித்தார்கள். அந்த இடம் மட்டும் இன்றைக்கும் இளஞ்சூடாகவே இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் முதல்நாளில் எந்தப் பிள்ளை அதிகமாக அழுகிறதோ அதை அங்கே உட்கார வைப்பது அந்தப் பள்ளிக்கூடத்தின் வழக்கம். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். தையலக்காவும் இதற்குப் பழகிவிட்டாள். காலையில் பள்ளிக்கூட மணி அடித்ததும், மெஷினிலிருந்து ஸ்டூலைச் சற்றுப் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு தைக்கிறாள். மடியில் உட்காருகிற பிள்ளைக்கு இடம் வேண்டுமே.