சிவப்புப் பையில் ஐந்தாம் பாகம்

ஒரு மனிதனின் நிழலுக்கு மூன்று மரக்கால் உப்பு. ‘உப்புத்துறை’ நாவல் வரிசையின் முதல் வரியே இந்த விலைதான். ஏழு பாகங்கள், பேய்களும் வியாபாரிகளும் ஒரே சந்தையில் தோள் உரசும் உலகம். நான் கிள்ளானில் மச்சானின் நகைக்கடையில் கல்லாவில் உட்காருபவன். பேரம் பேசத் தெரிந்த பேயை எனக்குப் பிடிக்காமல் போகுமா?

வருடா வருடம் தீபாவளி விற்பனை ஓய்ந்ததும் மறுபடி தொடங்குவேன். இது இருபத்தைந்தாவது சுற்று. இளவயதில் வாள்வீரன் செங்கோடன்மேல் பைத்தியமாக இருந்தேன். இப்போது பார்த்தால் சரியான முட்டாள். வெட்டிய பிறகுதான் விலை கேட்கிறான். என் ஆள் தோணிக்காரி வெள்ளச்சி. ஐந்தாம் பாகத்தில் பேயரசன் அவள் விரல்களை ஒவ்வொன்றாகக் கடித்துத் துப்புகிறான். அவளோ மிச்ச விரல்களை நீட்டி, “இதுக்கு என்ன தருவே?” என்கிறாள். பதிப்பகம் மூடி இருபது வருடமாகிறது. அந்தப் பாகம் இனி எங்கே தேடினாலும் கிடைக்காது.

அன்று மதியம் அந்தப் பக்கத்தில் அடையாள நாடாவை வைத்துவிட்டு, பிரிக்பீல்ட்ஸில் உள்ள வீட்டுக்கு ரயில் பிடிக்கக் கிளம்பினேன். நகை வாங்குபவர்களுக்கு எங்கள் கடையில் இலவசமாக ஒரு புத்திமதி உண்டு: “சிவப்பு வெல்வெட் பையக் கையில பிடிச்சுக்கிட்டுப் போகாதீங்க அக்கா. கீரைக்கு அடியில வைங்க.” என் மனைவி தங்கமணி மெருகு போடக் கொடுத்திருந்த ஆறு பவுன் சங்கிலியை அப்படியே, வீட்டுக்கு வாங்கிய முருங்கைக்கீரைப் பையில் கீரைக்கு அடியில் ஒளித்தேன். புத்தக அட்டை கசங்கிவிடுமே என்று அதைக் கடையின் பெரிய வெல்வெட் பை ஒன்றில் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

பின்சந்தில் ஒரு மோட்டார் சைக்கிள் இடுப்பில் இடித்தது. இரண்டு பேர். பின்னால் இருந்தவன் பாராங் கத்தியோடு குதித்தான்.

“பைய விடு, அங்கிள்!”

விட்டிருக்க வேண்டும். தங்கம் கீரைக்குள் பத்திரமாகத்தான் இருந்தது. நான் விடவில்லை. கத்தி முன்கையைக் கிழித்து எலும்பில் உரசியது. ஒரு உதை விலாவில் இறங்கியது. உள்ளே ஏதோ முறியும் சத்தம் என் காதுக்கே கேட்டது. எண்ணூறு பக்கத்தையும் பையோடு தூக்கி அவன் மூக்கில் இறக்கினேன். அவன் ரத்தம் என் கண்ணில் தெறித்தது. அதற்குள் வண்டி ஓட்டி வந்தவன் ஹெல்மெட்டால் என் வாயில் அறைந்தான். தரையில் கிடந்து இரண்டு பற்களைத் துப்பினேன்.

மூக்குடைந்தவன் பையைப் பிடுங்கித் திறந்தான்.

“டேய் மார்வின், புக்குடா!”

“நல்லாப் பாரு. உள்ள குடைஞ்சு வச்சிருப்பான்.”

“கதைப் புக்குலா! இதுக்கா என் மூக்கு போச்சு?” அவன் புத்தகத்தை, மழைநீர் சீறி ஓடிய லொங்காங் சாக்கடையின்மேல் நீட்டினான்.

“தம்பி, போட்டுடாத! அத என்கிட்ட குடு. கீரைப் பைய எடுத்துக்க.”

“நான் என்ன ஆடா, கீரை தின்ன?”

“அடியில பாரு. ஆறு பவுன்.”

வெள்ளச்சி காறித் துப்பியிருப்பாள். எடுத்த எடுப்பிலேயே முழு விலையையும் சொன்ன வியாபாரி எங்கள் வம்சத்தில் கிடையாது.

மார்வின் கீரையை உதறினான். சங்கிலி மின்னியது. அவன் என்னை ஒருமுறை உற்றுப் பார்த்தான். “உனக்குப் பைத்தியமா, அங்கிள்?” என்றவன், என் கணுக்காலை மிதித்துவிட்டு வண்டியைக் கிளப்பினான். பின்னால் ஏறிய மூக்குடைந்தவன் எறிந்த புத்தகம் என் முறிந்த விலாமேல் வந்து விழுந்தது. வலியில் அலறினேன், ஆனால் அதைக் கட்டிக்கொண்டுதான் அலறினேன்.

போலீசிடம் சொன்னதையே மருத்துவமனைக்கு வந்த தங்கமணியிடமும் சொன்னேன்: கீரைப் பையைப் பிடுங்கினார்கள், தடுத்தேன், அடித்தார்கள். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்தாள். நகைக்கடைக்காரர் வீட்டுப் பெண் அல்லவா, மருந்துச் சீட்டைத் திருப்பிப் போட்டு, நஷ்டத்தை வாய்விட்டுச் சொல்லியபடியே, ஒவ்வொன்றுக்கும் நேரே விலையும் போட்டு எழுதினாள்.

“பல்லு ரெண்டு. விலா மூணு. தையல் பதினேழு. சங்கிலி ஆறு பவுன்.”

பேனா நின்றது. தலையணைக்கு அடியிலிருந்து, ரத்தம் காய்ந்த புத்தகத்தை உருவி முன்னும் பின்னும் புரட்டினாள்.

“புக்கு ஒன்னு,” என்று அடுத்த வரியில் எழுதினாள். “பக்கம் ஒன்னுகூடக் கிழியல. இத விட்டுட்டுக் கீரையைப் பிடுங்கணும்னு அவனுக்கு எப்படிங்க தெரிஞ்சுது?”

அந்த வரிக்கு நேரே விலை எதையும் போடாமல், பேனாவையும் மூடாமல், என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.